நடந்து நடந்தே ரேடியோ ரிப்பேர் செய்த பையன்

பையன் வேலை பார்த்த அச்சகத்துக்கே கார் வந்து நின்றது.

கார் என்றால் பெயருக்குத்தான் கார். எந்த இடத்தில் நின்றுபோகும் என்று சொல்ல முடியாத ஓட்டை வண்டி. அதில் வந்தவர் ஒரு பையனைத் தேடினார். அவர் வீட்டு ரேடியோ கெட்டுப் போயிருந்தது. அந்தப் பையன் ரேடியோவைச் சரி செய்வான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பையன் வந்தான். வயது பன்னிரண்டு இருக்கும். அவனைப் பார்த்ததும் வந்தவருக்கு நம்பிக்கை போய்விட்டது. வழி நெடுகக் கேள்வி மேல் கேள்வி. உனக்கு ரேடியோவைப் பற்றி என்ன தெரியும்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இவ்வளவு சின்னப் பையனால் எப்படி முடியும்?

பையன் பதிலுக்கு ஒன்றுதான் கேட்டான்: ரேடியோவுக்கு என்ன கோளாறு? போட்டவுடன் சத்தம் போடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது என்றார் அவர். தானாக நிற்கும் சத்தத்தைப் பொறுத்துக் கொள்ளக் கூடாதா, கையில் காசு இல்லாத மனிதருக்கு இது ஒரு பெரிய தொல்லையா என்று பையன் மனதுக்குள் நினைத்துக் கொண்டான்.

வீடு வந்தது. ரேடியோவைப் போட்டார்கள். சின்னச் சத்தமா அது? வீடே அதிரும்படி ஓர் அலறல். பிறகு அடங்கியது. பாட்டு ஒழுங்காகக் கேட்டது.

பையன் ரேடியோவை நிறுத்தினான். ஆனால் பெட்டியைத் தொடவில்லை. அறையில் இங்கும் அங்கும் நடக்கத் தொடங்கினான். போனான், வந்தான். மறுபடி போனான், வந்தான். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ரிப்பேர் செய்யக் கூப்பிட்டால் உலாத்திக் கொண்டிருக்கிறாயே என்று சத்தம் போட்டார். யோசிக்கிறேன் என்றான் பையன்.

அவன் யோசித்தது இதுதான். அந்தக் காலத்து ரேடியோவில் வால்வுகள் உண்டு. கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சூட்டிழை சிவந்து சூடேறினால்தான் வால்வு வேலை செய்யும். எல்லா வால்வும் ஒரே நேரத்தில் சூடாகாது. ஒலியைப் பெருக்கும் கடைசி வால்வுகள் முதலில் சூடாகி, அலையைப் பிடிக்கும் முன்வரிசை வால்வுகள் இன்னும் குளிர்ந்திருந்தால் என்ன ஆகும்? வரவேண்டியது சரியாக வராத நிலையில் கடைசி வால்வு தாறுமாறாகக் கத்தும். முன்வரிசையும் சூடான பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வரும். அப்படியானால் கோளாறு வால்வில் இல்லை. வரிசையில்தான் இருக்கிறது.

பெட்டியில் ஒரே மாதிரி வால்வுகள் சில இருந்தன. பையன் அவற்றைக் கழற்றி இடம் மாற்றிச் சொருகினான். ரேடியோவைப் போட்டான். சத்தமே இல்லை. சிறிது நேரம் சென்று பாட்டு மட்டும் வந்தது.

திட்டிய மனிதர் அன்று முதல் பையனின் விளம்பர ஏஜெண்டாக மாறிவிட்டார். ஒரு பையன் யோசித்தே ரேடியோவை ரிப்பேர் செய்கிறான் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

அந்தப் பையன்தான் ரிச்சர்டு பெயின்மன். 1965-ல் பௌதிக நோபல் பரிசு பெற்றவர். அணுகுண்டு செய்த இடத்தில் வேலை பார்த்தவர். 1986-ல் அமெரிக்க விண்கலம் வெடித்ததற்குக் காரணத்தை ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் காட்டியவர்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இத்தகைய கதைகளில் பல பெயின்மனே வயதான காலத்தில் நண்பர் ரால்ப் லெய்டனிடம் சொன்னவை. 1985-ல் புத்தகமாக வந்தன. தம்மைப் பற்றிய கதையைச் சுவையாகச் சொல்வதில் அவர் பலே ஆள். கொஞ்சம் உப்பும் காரமும் சேர்ந்திருக்கலாம். ஆனால் ரேடியோ விஷயத்தில் சொன்ன காரணம் காரணந்தான்.

பெட்டிக்குள் ஒரு சோதனைச்சாலை

பெயின்மன் 1918-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். வளர்ந்தது நகரத்தின் ஓரத்தில், கடலை ஒட்டிய பார் ராக்கவே என்ற பகுதியில். தகப்பனார் மெல்வில், சீருடைகள் விற்கும் தொழிலில் இருந்தவர். பெரிய படிப்பு இல்லை. ஆனால் பிள்ளையைக் காட்டுக்கு அழைத்துப் போய் ஒரு பறவையைக் காட்டினால், அதன் பெயரைச் சொல்வதோடு நிறுத்தமாட்டார். அது ஏன் இறகைக் கோதுகிறது என்று கேட்பார். தாயார் லூசில் வேடிக்கையாகப் பேசுவதில் தேர்ந்தவர்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் பையன் தன் அறையில் ஒரு சோதனைச்சாலை வைத்தான். மரப் பெட்டி ஒன்று, அதில் சில தட்டுகள். அவ்வளவுதான் சோதனைச்சாலை. ஒரு மின்சார அடுப்பும் இருந்தது. விஞ்ஞானத்தில் பசி எடுத்தால் உருளைக்கிழங்கு வறுத்துத் தின்பான்.

மலிவுச் சாமான் கடையில் பல்பு மாட்டும் ஹோல்டர்கள் வாங்கினான். பலகையில் திருகினான். அழைப்பு மணிக்குப் போடும் கம்பியால் இணைத்தான். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் பல்பு மங்கும். பக்கம் பக்கமாக இணைத்தால் பளிச்சென்று எரியும். கணக்குப் போட்டுப் பார்த்தான். கணக்கு ஒன்று சொன்னது, பல்பு ஒன்று சொன்னது. பல்பின் கம்பி சூடேறினால் அதன் மின்தடையும் ஏறும் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

வீட்டு பியூஸ் அடிக்கடி போனால் வீட்டில் திட்டு விழும். அதனால் பையன் தனக்கென்று தகரத் தாளில் சின்ன பியூஸ் செய்துகொண்டான். அதன் குறுக்கே ஒரு குட்டி பல்பையும் இணைத்தான். பியூஸ் போனால் பல்பு எரியும். பல்புக்கு முன் மிட்டாய் சுற்றிய காகிதம். எங்கே தவறு நடந்தது என்று நிறத்திலேயே தெரிந்துவிடும்.

தங்கை ஜோன் அவனைவிட ஒன்பது வயது இளையவள். அவள்தான் உதவியாள். வாரச் சம்பளம் 4 சென்ட். பள்ளித் தோழர்கள் வந்தால் அவர்களுக்கு வேடிக்கை காட்டுவதற்காக அந்தச் சின்னப் பெண் தீப்பொறி தாவும் இடத்தில் விரலை வைப்பாளாம்! அதிர்ச்சி லேசாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் நம் வீட்டில் இப்படி ஓர் அண்ணன் இருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். அந்த ஜோன் பின்னால் துருவ ஒளியை ஆராய்ந்த விஞ்ஞானி ஆனார். 2020-ல்தான் காலமானார்.

ஒருநாள் தீ வினையாகவே வந்தது. கார் எஞ்சினின் பொறிச் சுருள் ஒன்று பையனிடம் இருந்தது. அதில் தீப்பொறி தெறிக்கவிட்டுக் காகிதத்தில் ஓட்டை போட்டுக் கொண்டிருந்தான். காகிதம் பற்றிக் கொண்டது. கை சுட்டதும் குப்பைக் கூடையில் போட்டான். கூடைக்குள் பழைய செய்தித்தாள்! மளமளவென்று எரிந்தது. கூடத்தில் அம்மா தோழிகளோடு சீட்டாடிக் கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்க முதலில் கதவைச் சாத்தினான். பிறகு ஒரு பத்திரிகையால் கூடையை மூடித் தீயை அடக்கினான். நெருப்புக்குப் பயந்தானோ இல்லையோ, அம்மாவுக்குப் பயந்தான்.

சொந்தமாகச் செய்த மீட்டர்

அப்போது அமெரிக்காவில் பணக் கஷ்டம். 1929-ல் பங்குச் சந்தை விழுந்தபின் லட்சக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. ரேடியோ ரிப்பேர்க் கடைக்குப் போகக் காசில்லை. பள்ளிப் பையன் மலிவாகச் செய்து கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

பையன் ஆரம்பித்தது பழைய சாமான் விற்பனையில். உடைந்த ரேடியோக்களை அடிமாட்டு விலைக்கு வாங்குவான். வீட்டுக்குக் கொண்டு வந்து பிரிப்பான். முக்கால்வாசியில் பெரிய கோளாறு இருக்காது. ஏதாவது ஒரு கம்பி விட்டிருக்கும். சுருள் ஒன்று பாதி அவிழ்ந்து கிடக்கும். சரி செய்து, இரவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு படுப்பான். அப்படி ஒரு ராத்திரி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் தள்ளி டெக்சாஸ் மாகாணத்தில் உள்ள வேகோ ஊர் நிலையம் அவன் ரேடியோவில் பேசியது. அந்தச் சந்தோஷத்தை நோபல் பரிசு வாங்கிய பிறகும் அவர் மறக்கவில்லை.

பிறர் வீட்டு ரேடியோவைத் தொடுவதென்றால் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளக்க வேண்டும். மீட்டர் வாங்கப் பணம்?

பையனிடம் ஒரு மில்லி அம்மீட்டர் இருந்தது. மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் காட்டும் கருவி அது. நேராக பாட்டரியில் இணைத்தால் முள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கருவி பாழாகும். ஆனால் அதற்கு முன்னால் தக்க அளவு மின்தடையைச் சேர்த்துவிட்டால் அதுவே வோல்ட் மீட்டர் ஆகிவிடும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். ஓம் என்ற ஜெர்மானியர் கண்ட விதி. முள் முழுதும் ஓட ஒரு மில்லி ஆம்பியர் தேவை என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்து வோல்ட் வரை அளக்க வேண்டுமானால் மொத்தம் 10,000 ஓம் தடை இருக்க வேண்டும். நூறு வோல்ட் என்றால் ஒரு லட்சம் ஓம்.

தடையைக் காசு கொடுத்து வாங்கவில்லை பையன். தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பியை எடுத்தான். எத்தனை நீளத்துக்கு எத்தனை ஓம் என்று கணக்குப் போட்டான். அத்தனை நீளம் வெட்டிச் சுற்றினான். மீட்டர் தயார்! துல்லியம் என்று சொல்ல முடியாது. ஆனால் ரிப்பேருக்குத் துல்லியம் எதற்கு? இந்த இடத்தில் நூறு வோல்ட் இருக்க வேண்டும். இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா? இது தெரிந்தால் போதும், பாதி நோய் தெரிந்த மாதிரி.

பழைய ஆசிலாஸ்கோப்பையோ பழைய மீட்டரையோ வாங்கி வீட்டு மேஜையில் பிரித்துப் போட்டுப் பழகுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கற்றுக் கொள்வதும் இதைத்தான். எச்சரிக்கை ஒன்று: வால்வுப் பெட்டிகளில் இருநூறு, முந்நூறு வோல்ட் சர்வ சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெயின்மனைப் பார்த்துத் தங்கையின் விரலை நீட்டச் சொல்ல வேண்டாம்.

கூரை ஏறி ஏரியல் கட்டுவது, கரகரவென்ற இரைச்சலை நிறுத்துவது என்று வேலைகள் வளர்ந்தன. எல்லாவற்றிலும் அவனுக்கு ஒரு குணம் இருந்தது. புதிரைப் பாதியில் விடமாட்டான். வீட்டுக்காரர் போதும் என்று சொன்னாலும் விடமாட்டான். ஓட்டைக் காரில் வந்தவர் அன்று அவனை வெளியே போகச் சொல்லியிருந்தாலும் போயிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

இரண்டு சோதனைச்சாலைகள்

1935-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 1939-ல் பட்டம் பெற்று பிரின்ஸ்டனுக்கு மேல்படிப்புக்குப் போனார். அணுத் துகள்களைச் சுழற்றி மோதவிடும் சைக்ளோட்ரான் யந்திரம் இரண்டு இடத்திலும் இருந்தது. முன்பு படித்த இடத்தில் இருந்தது பளபளப்பானது. அடுத்த அறையில் இருந்து பொத்தான் அமுக்கி நடத்துவார்கள். பிரின்ஸ்டன் யந்திரத்தைப் பார்க்க நிலவறைக்குப் போனார் பெயின்மன். கம்பிகள் தொங்கின. தண்ணீர் சொட்டியது. மேஜைகளில் கருவிகள் குவிந்து கிடந்தன.

அவருக்குத் தம் வீட்டு மரப்பெட்டி நினைவு வந்துவிட்டது. பிரின்ஸ்டனில் இருந்து இவ்வளவு ஆராய்ச்சி முடிவுகள் ஏன் வருகின்றன என்று அப்போது புரிந்தது. யந்திரத்தைக் கட்டியவர்களே அதோடு மல்லுக்கு நின்று வேலை செய்தார்கள். எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

பூட்டிய ஊரில் ஒரு ரிப்பேர்க் கடை

ஆர்லின் கிரீன்பாம் என்ற பெண்ணைப் பள்ளி நாளில் இருந்தே அவர் விரும்பினார். ஆர்லினுக்குக் காசநோய் கண்டது. அக்காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. பெற்றோர்கள் தயங்கினார்கள். பெயின்மன் தயங்கவில்லை. 1942 ஜூன் 29-ந் தேதி திருமணம் நடந்தது. மணப்பெண் அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அடுத்த ஆண்டு அழைப்பு வந்தது. நியூ மெக்சிகோ மாகாணத்தில் லாஸ் அலமோஸ் என்ற மலை மேட்டில் ரகசிய ஊர் ஒன்று எழும்பியது. அங்கே அணுகுண்டு செய்ய விஞ்ஞானிகள் கூடினார்கள். பெயின்மன் அங்கே போனார். ஆர்லினை ஆல்புகர்க் ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இடையே சுமார் நூறு மைல். வாரக் கடைசியில் வழியில் போகும் கார்களைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய் மனைவியைப் பார்த்து வருவார்.

குண்டுக்குக் கணக்கு வேண்டும். மலை மலையான கணக்கு. இப்போது போலக் கம்ப்யூட்டர் இல்லை. பல் சக்கரங்கள் சுழலும் மேஜைக் கணக்கு யந்திரங்கள்தான். இரவு பகல் ஓடினால் எந்த யந்திரம் தாங்கும்? ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டது. கம்பெனிக்கு அனுப்பினால் திரும்பி வர நாளாகும். வெளியாள் உள்ளே வர அனுமதி இல்லை.

பெயின்மனும் நிக்கலஸ் மெட்ரோபொலிஸ் என்ற விஞ்ஞானியும் மூடியைக் கழற்றினார்கள். படம் கிடையாது, விளக்கப் புத்தகம் கிடையாது. நல்ல யந்திரம் ஒன்றையும் கெட்டது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டிலும் ஒரே கணக்கைப் போட்டார்கள். ஒரு சக்கரம் நகர்ந்தால் அடுத்து எது நகர்கிறது, எங்கே தட்டுகிறது என்று பின்தொடர்ந்தார்கள். வித்தியாசம் தெரிந்த இடத்தில் கோளாறு. வெகு சீக்கிரம் வாசலில் யந்திரங்கள் வரிசையாக வந்து சேர்ந்தன.

இத்தனை படித்தவர்கள் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பதா என்று மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. வேலையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார்கள். நாளாக ஆக நல்ல யந்திரங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கணக்கு தேங்கியது. பழையபடி ரிப்பேர் செய்யச் சொல்லி மேலிடமே சம்மதித்தது.

1944-ல் ஐ.பி.எம். கம்பெனியின் அட்டை துளைக்கும் யந்திரங்கள் வந்து இறங்கின. யந்திரம் வந்தது, பூட்டிக் கொடுக்கும் மெக்கானிக் வரவில்லை. பெயின்மனும் இன்னும் இரண்டு பேரும் படத்தைப் பார்த்துத் தாங்களே பூட்ட உட்கார்ந்தார்கள். மெக்கானிக் வந்து சேர்ந்தபோது வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது.

இந்த யந்திரங்களை நடத்தியவர்கள் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட பள்ளிப்படிப்பு முடித்த பையன்கள். எதற்காகக் கணக்குப் போடுகிறோம் என்றே அவர்களுக்குச் சொல்லவில்லை. 9 மாதத்தில் 3 கணக்குதான் முடிந்தது. பொறுப்பு பெயின்மனிடம் வந்தது. தலைவர் ஓப்பன்ஹைமரிடம் அனுமதி வாங்கி, பையன்களிடம் விஷயத்தைச் சொன்னார். அதன்பின் பையன்கள் இரவு வேலைக்குத் தாங்களாகவே வந்தார்கள். 3 மாதத்தில் 9 கணக்கு முடிந்தது. யந்திரம் அதேதான்.

நின்றுபோன கடிகாரம்

ஆர்லின் நோயில் விழுந்த புதிதில் பெயின்மன் ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தார். முள் இல்லாதது. எண் பொறித்த தகடுகள் புரண்டு மணியைக் காட்டும். அழகான பொருள், ஆனால் நோஞ்சான். அடிக்கடி நின்றுவிடும். நின்றபோதெல்லாம் அவரே பிரித்துச் சரி செய்து ஓட வைப்பார். இப்படியே வருஷங்கள் ஓடின. ஆஸ்பத்திரியில் ஆர்லின் கட்டில் பக்கத்தில் அது இருந்தது.

1945 ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் வந்தது. உடனே கிளம்ப வேண்டும். நண்பர் ஒருவர் தம் காரை இரவல் கொடுத்தார். அவர் பெயர் கிளாஸ் பியூக்ஸ். அணுகுண்டு ரகசியத்தை ரஷ்யாவுக்குக் கொடுத்த ஒற்றர் அவர் என்று 1950-ல்தான் உலகத்துக்குத் தெரியும்.

வழியில் டயர் வெடித்தது. மாற்றிப் போட்டு ஓட்டினால் இன்னொன்றும் போயிற்று. காரை விட்டுவிட்டு மீதி தூரத்தை வேறு காரில் இடம் கேட்டுப் போனார். போய்ச் சேர்ந்தபோது மூச்சு இழுத்துக் கொண்டிருந்தது. சில மணி நேரத்தில், ஜூன் 16-ந் தேதி இரவு, ஆர்லின் போய்விட்டார்.

கடிகாரம் நின்றிருந்தது. அது காட்டிய நேரம், உயிர் பிரிந்த நேரம்.

வேறு யாராக இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள்? உயிரோடு கடிகாரமும் போயிற்று என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். கேட்டவர்களும் நம்பியிருப்பார்கள். பெயின்மன் அந்த அறையில், அந்த நேரத்தில், ரேடியோவுக்கு முன்னால் நடந்த பையனைப் போலவே யோசித்தார். கடிகாரம் எப்போதும் நோஞ்சான். மரண நேரத்தைக் குறித்துக் கொள்ள நர்சு வந்தார். அறையில் வெளிச்சம் குறைவு. எண் சரியாகத் தெரியக் கடிகாரத்தைக் கையில் எடுத்துத் திருப்பியிருப்பார். அந்த அசைவு போதும், அது நிற்க.

இதைக் கேட்டு அவரைக் கல்நெஞ்சர் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பல வருஷம் அதைச் சரி செய்தவருக்கு அதன் பலவீனம் தெரியாதா? அன்று அவர் அழவில்லை என்பது உண்மைதான். ஒரு மாதம் கழித்து ஓக் ரிட்ஜ் ஊரில் கடைவீதியில் போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உடை தொங்கியது. ஆர்லினுக்கு இது பிடிக்குமே என்று ஓர் எண்ணம் வந்தது. அங்கேயே உடைந்து போனார். அடுத்த ஆண்டு, இறந்த மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி உறையிலிட்டு வைத்தார். அவர் காலமான பிறகுதான் அது வெளியே வந்தது.

மனைவி இறந்து சரியாக ஒரு மாதம். ஜூலை 16-ந் தேதி பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். பெயின்மன் ஜீப்பின் முன்புறத்தில் ஏறி உட்கார்ந்து முரசு கொட்டினார். ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. பின்னாட்களில், பாலம் கட்டுகிறவர்களைப் பார்த்தால்கூட இதெல்லாம் எதற்கு, எல்லாம் அழியத்தானே போகிறது என்று தோன்றியதாகச் சொன்னார். கணக்கு யந்திரத்தைச் சரி செய்த கைக்கும் அதில் பங்கு உண்டு.

பரிசு

போருக்குப் பின் கார்னல் பல்கலைக்கழகம், பிறகு கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம். ஒளியும் எலெக்ட்ரானும் ஒன்றோடு ஒன்று எப்படி நடந்து கொள்கின்றன என்பதைச் சில கோடுகளால் வரைந்து கணக்கிடும் வழியைக் கண்டார். ஜூலியன் ஷ்விங்கர், ஜப்பானிய விஞ்ஞானி டோமொனாகா ஆகியோரோடு 1965-ல் நோபல் பரிசு கிடைத்தது. மறுபடி மணம் செய்தார், அது முறிந்தது. 1960-ல் க்வெனத் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்து குடும்பமாக இருந்தார். அவர் புத்தகத்தில் பெண்களைப் பற்றி எழுதிய சில பக்கங்கள் இன்று முகம் சுளிக்க வைக்கின்றன.

1959-ல் ஒரு கூட்டத்தில் சவால் விட்டார். ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு கனத்துக்குள் அடங்கும் மின்சார மோட்டாரை யார் செய்தாலும் ஆயிரம் டாலர். புதிய முறை ஏதாவது பிறக்கும் என்று எண்ணினார். அடுத்த ஆண்டு மெக்லெல்லன் என்ற என்ஜினீயர் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் மைக்ராஸ்கோப். அதற்கடியில் மோட்டார் சுழன்றது! சாதாரணக் கருவிகளையும் பொறுமையையும் கொண்டே செய்துவிட்டார். புதிய முறை பிறக்கவில்லையே என்று பெயின்மனுக்கு ஏமாற்றம். ஆனாலும் பணத்தைக் கொடுத்தார். ரிப்பேர்க்காரனை ஒரு ரிப்பேர்க்காரன் ஜெயித்த கதை இது.

ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர்

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73-வது விநாடியில் வானத்தில் சிதறியது. 7 பேர் மாண்டார்கள். விசாரணைக் குழுவில் பெயின்மனையும் போட்டார்கள். அப்போது அவருக்குப் புற்றுநோய். இரண்டு பெரிய ஆபரேஷன் ஆகியிருந்தது.

குழுவில் இருந்த ஜெனரல் குடினா அவரிடம் பேச்சுக் கொடுத்தார். தம் காரின் கார்புரேட்டரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்ததாம். ரப்பர் வளையத்துக்குக் குளிர் பட்டால் என்ன ஆகும்? பெயின்மனுக்கு அது போதும். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு. கிளம்பிய அன்று கடும் குளிர். கார்புரேட்டர் ஒரு சாக்குத்தான். அந்தத் தகவலை ஜெனரலுக்குக் கொடுத்தவர் குழுவில் இருந்த விண்வெளி வீராங்கனை சாலி ரைடு என்பது, அவர் 2012-ல் இறந்த பிறகே தெரியவந்தது.

பிப்ரவரி 11-ந் தேதி காலை பெயின்மன் டாக்சி பிடித்து இரும்புச் சாமான் கடைக்குப் போனார். சின்ன இடுக்கி ஒன்று, திருப்புளி ஒன்று, குறடு ஒன்று வாங்கினார். சபையில் எல்லோருக்கும் காட்டக் கொண்டு வந்த மாதிரி மூட்டில் இருந்து ரப்பரை உருவினார். இடுக்கியில் நசுக்கி, குடிக்க வைத்திருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. நசுங்கியபடியே இருந்தது. அத்தனை டெலிவிஷன் காமிராக்களும் பார்த்துக் கொண்டிருந்தன.

முன்கூட்டியே தனியறையில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் சபையில் செய்தார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் வெட்கம். ரேடியோவை வீட்டுக்காரர் முன் போட்டுக் காட்டுவதற்கு முன் தானே ஒருமுறை போட்டுப் பார்க்காத ரிப்பேர்க்காரன் உண்டா?

அதோடு நிற்கவில்லை. விண்கலம் நாசமாகும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று நிர்வாகிகள் சொல்லி வந்தார்கள். பெயின்மன் என்ஜினீயர்களிடம் போய்க் கேட்டார். நூறில் ஒன்று என்ற அளவில் அவர்கள் சொன்னார்கள். இந்த வித்தியாசத்தை அறிக்கையில் சேர்க்கப் போராட வேண்டியிருந்தது. கடைசியில் அவர் எழுதியது தனிப் பிற்சேர்க்கையாக வந்தது.

1988 பிப்ரவரி 15-ந் தேதி லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்பத்திரியில் பெயின்மன் காலமானார். சிறுநீரகம் பழுதாகிவிட்டது. யந்திரத்தை வைத்து ஆயுளை நீட்ட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வயது 69. பார் ராக்கவேயில் கார்னகா அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.